நூற்றிருபது சென்டிமீட்டர்

கழுத்தில் தொங்கும் அட்டையில்
'பயிற்சியாளர்' என்று அச்சடித்துவிட்டார்கள்.
'பயிலுநர்' என்றிருக்க வேண்டும்.
மாற்றித் தரக் கேட்டதற்கு
நாற்பத்தைந்து நாள்தானே என்றார் லில்லியன் மேடம்.
அதனால் பெருமாள்மலை வளைவுக்கு மேலே
பெரிய ராட்டினத்தடியில்
ஒன்றும் தெரியாத நான்
எல்லாம் தெரிந்தவளாக நின்றேன்.

பக்கத்தில் ஒரு மர வரையாடு.
அதன் கொம்பு நுனி நூற்றிருபது சென்டிமீட்டர்.
தலை அதைத் தொட்டால் ஏறலாம்.
தொடாவிட்டால்
சிரித்த முகத்தோடு
(கையேட்டில் நான்காம் விதி)
"அடுத்த வருஷம் வாங்க செல்லம்"
என்று நான் சொல்ல வேண்டும்.

ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் அழுதார்கள்.
அப்பாக்கள் திட்டினார்கள்.
"நுழைவுச்சீட்டு விக்கிறப்ப மட்டும்
அளந்து பாக்க மாட்டீங்களோ?"
என்றார் மதுரைக்காரர் ஒருவர்.
கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், பதில் இல்லை.

கல்லூரி கொடுத்த பதிவேட்டில்
தினமும் ஒரு கட்டம்: இன்று கற்றது.
முதல் வாரம் முழுக்க 'வாடிக்கையாளர் உறவு' என்று எழுதினேன்.
இரண்டாம் வாரமும் அதையேதான்.
கற்றது வேறு.
ஈர சாக்ஸை காபி மெஷினின் முதுகில் காயப்போடலாம்.
கரடி உடுப்புக்குள் இருப்பவன் பெயர் ரீகன்,
இரண்டு பேப்பர் அரியர்,
தலையைக் கழற்றினால் இந்தக் குளிரிலும் ஆவி பறக்கும்.
மூஞ்சிக்கல்லில் எங்கள் அறையில் ஆறு பேர்,
சுடுதண்ணீர் முதல் இரண்டு பேருக்கு.
உதவித்தொகை வரும், வரும் என்றார்கள்.
மேகம்தான் வந்தது.

வாசலில் சோளம் சுடும் பாக்கியத்தின் மகன் அந்தோ.
பள்ளிக்கூடம் விட்டதும் வருவான்,
வரையாட்டுக்கு முதுகு காட்டி நிற்பான்.
நூற்றுப் பதினேழு.
அடுத்த நாளும் நூற்றுப் பதினேழு.
முப்பத்தோராம் நாள் நூற்றிருபது.

ஒரே ராத்திரியில் மூன்று சென்டிமீட்டர்.
ஷூவுக்குள் திணித்திருந்த செய்தித்தாள்
கணுக்காலில் எட்டிப் பார்த்தது.
பார்த்தேன்.
பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஒன்பதாம் பெட்டி உச்சிக்குப் போனபோது கரண்ட் போனது.
அதற்குக் காத்திருந்ததுபோல்
கீழ்ச்சரிவிலிருந்து ஏறி வந்தது மேகம்.
முதலில் உச்சியைத் தின்றது, பிறகு பாதியை.
என் முன்னால் மூன்று பெட்டிகள் தொங்கின, அவ்வளவுதான்.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
முஸ்தபா அண்ணன் இரும்புக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு
"பேசிட்டே இரு" என்றார்.

மைக் செத்திருந்தது. வாயாலேயே கத்தினேன்,
கையேட்டில் இருந்த வாக்கியத்தை.
"தயவுசெய்து அமைதி காக்கவும்."
மேலே ஒரு பெண் அழுதாள்.
பிறகு எது தோன்றியதோ, பெயர் கேட்டேன்.
வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் விழுந்தன:
சையது. மீனலோசனி. பரணி, பரணியோட அண்ணன்.
"எனக்கு ஒண்ணுக்கு வருது", பெயரில்லாத ஒருவர்.
ஒன்பதாம் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்தோ, என்றேன்.
அந்தோ.
முஸ்தபா அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அவருக்கும் தெரியும் அவன் உயரம்.

அப்போது என் தோளில் என்னவோ பட்டுத் தெறித்தது.
நனைந்த காகித உருண்டை.
இன்னொன்று தகரக் கூரையில்.
மூன்றாவது லில்லியன் மேடத்தின் குடையில்.
மேலே எவனோ சிரிக்கிற சத்தம்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக மேகத்திலிருந்து இறங்கின,
ஆட்கள் கால் தேடித் தேடித் தரையில் வைத்தார்கள்.
அந்தோ கடைசிக்கு முந்தி வந்தான்.
தொளதொளத்த ஷூவோடு நேராகப் போய்
வரையாட்டடியில் நின்றான்.
நூற்றுப் பதினேழு.
"நாளைக்கு?" என்றான்.

அவனுக்கு என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும்.
வைவாவில் துறைத்தலைவர் பதிவேட்டைப் புரட்டி
"முப்பத்தொண்ணு ஏம்மா காலியா இருக்கு?" என்றார்.
"அன்னிக்கு மேகம் சார்."
அந்த நாளுக்கு
வருகைக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்.